பதினைந்து பேருக்கு ஐந்து நடை

பாறசாலைக்குக் கிழக்கே,
மேகத்துக்கு மேலே இரண்டாவது வீடு.
4 பிப்ரவரி 2024

கர்த்தருக்குள் பிரியமான என் சகோதரி மகள் லிஜி மக்களுக்கு,

மாமன் ஜெயதாஸ் எழுதுவது. நானும் உன் மாமி ராஜபாயும் தேவகிருபையால் பிழைத்துக் கிடக்கிறோம். ராஸ் அல் கைமாவில் உன் சுகம் எப்படி? அந்தப் பாலைவனத்தில் கோழி முட்டையை அவித்தேதான் போடும் என்று கேள்விப்பட்டேன். குடை இல்லாமல் வெளியே இறங்காதே.

போன் இருக்கும்போது கிழவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். போன் ராஜபாயின் கையில் ஆக்கும். என் கையில் இருந்தாலும் அவள் காது அதற்குள்ளே இருக்கும். இந்த வீட்டில் ஒரு ரகசியம் நிம்மதியாகப் படுத்துறங்க ஒரே இடம் தபால் உறைதான். பதிலை அடிவாரத்துச் சதாசிவன் விலாசத்துக்கு அனுப்பு. ரகசியம் காப்பதில் அவன் கல்லறை. கொடுத்த கடிதத்தைக்கூடச் சில நேரம் திருப்பித் தர மறந்துவிடுவான்.

விஷயத்துக்கு வாறேன். நான் வண்டி வாங்கப் போகிறேன். உன் பட்டறையில் வரிசையாக நிறுத்திப் படம் அனுப்பியிருந்தாயே, மணல்மேட்டில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு பாய்கிற வண்டி, கூரையும் கம்பியுமாக நண்டுக்குச் சட்டை போட்டது போல, அந்த ஜாதி. ஆறு பேர் உட்காரும் வண்டி வேண்டும். ஐந்து ஆகாது, ஏழு ஆகாது.

நம் குன்றின் உயரம் உனக்கே தெரியும். திருவனந்தபுரத்தில் இறங்குகிற விமானங்கள் எங்கள் அடுக்களை வாசலுக்கு வந்ததும் ஹார்ன் அடித்துத்தான் திரும்பும். கீழே ரோட்டிலிருந்து வீட்டுக்குச் செம்மண்ணில் வெட்டிய நூற்றிப்பன்னிரண்டு படி. பழைய ரப்பர் மரங்களை வெட்டியபோது தடி இழுத்த தடம் ஒன்று குன்றைச் சுற்றி வருகிறது. அதில்தான் என் ரதம் ஏறப்போகிறது.

ஓட்டுவது யார் என்று கேட்டுவிடாதே, மனசு புண்படும். முப்பத்தொரு வருடம் சர்க்கார் பஸ் ஓட்டினவன் நான். நான் திருப்பிய திருப்பில் ரோடுகளே நேரானது உண்டு. டிரைவர் என்றால் ராஜா. கண்டக்டர்? விசில் ஊதுகிற ஜீவி. ஒரு கண்டக்டரின் பேச்சை நான் ஒருநாளும் கேட்டதில்லை. மணி அடித்தால் மட்டும் மனமிரங்கி வண்டியை எடுப்பேன்.

ஸ்கூட்டரைச் சதாசிவன் மகன் ஆதித்யனுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டேன். ராஜாக்களுக்கு இரண்டு சக்கரம் போதாது.

எந்த வண்டி நல்லது என்று விவரமாக எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் மேல் உயிரும் உன் பதில் மேல் கண்ணுமாக,
மாமன் ஜெயதாஸ்


ராஸ் அல் கைமா
24 பிப்ரவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு,

லிஜி எழுதுகிறேன். நான் சுகம். இங்கே கோழிகள் இன்னும் பச்சை முட்டைதான் போடுகின்றன. உங்களைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மாமியைப் பற்றி, 'பிழைத்துக் கிடக்கிறோம்' என்பதில் பாதி. மாமியின் கால்முட்டு எப்படி இருக்கிறது? நாலு வருடம் முன்பு மழையில் அந்தப் படியில் வழுக்கி இடது முட்டில் தகடு வைத்த பிறகு, ஆஸ்பத்திரிக்கு நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனதைத் தவிர மாமி கீழே இறங்கவே இல்லை என்று அம்மா சொன்னாள்.

நீங்கள் கேட்ட வண்டிக்கு சைட்-பை-சைட் என்று பேர். குதிரையில் போல இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறுகிற நாலுசக்கர வண்டி வேறு. இதில் காரில் போலப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், பெல்ட் போட்டுக்கொள்ளலாம். தரைத்தட்டு தாழ்வாக இருக்கும். ஏறுவதற்குக் காலை அதிகம் தூக்க வேண்டாம். ஆனால் நம் ஊரில் இதற்கு ரோட்டில் ஓட அனுமதி கிடையாது. சொந்த நிலத்தில் மட்டும். பாறசாலை ஜங்ஷனில் பவனி வரும் எண்ணம் இருந்தால் இப்போதே அதைக் கீழே இறக்கி வையுங்கள்.

வீட்டில் நீங்கள் இரண்டு பேர். ரப்பர் பாலும் உரச்சாக்கும் ஏற்ற, முன்னால் இரண்டு சீட்டும் பின்னால் ஒரு தொட்டியும் உள்ள வண்டி தாராளம். ஆறு சீட்டு எதற்கு மாமா?

ஸ்கூட்டரை ஏன் கொடுத்தீர்கள்? அதைத் தொட்டதற்கு என்னைத் தென்னந்தோப்பு முழுக்க விரட்டினவர் நீங்கள்.

மாமிக்கு என் முத்தம். ரகசியம் என்பதால் காரணம் சொல்லாமல் கொடுங்கள்.

அன்புடன்,
லிஜி


குன்றின் உச்சி
12 மார்ச் 2024

எனக்கே பாடம் சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிட்ட லிஜி மக்களுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சதாசிவன் அதை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டுச் சோறு வைக்கும்போதுதான் கண்டெடுத்தான். அங்கே காய்ச்சல், சளி ஒன்றும் இல்லையே? இங்கே எனக்கு இந்த வயதிலும் நெஞ்சு இரும்பு. போன வாரம் தும்மினேன், பெருங்கடவிளைச் சந்தையில் இரண்டு கடைக்கு ஷட்டர் தானாக இறங்கிவிட்டதாம்.

இரண்டு சீட்டு என்று எழுதினாயே, அந்த வரியைக் கிழித்துக் காற்றில் விட்டேன். ஆறு சீட்டு என்றால் டிரைவர் போக ஐந்து பேர். ஐந்து பேர் வீதம் மூன்று நடை, காரியம் முடிந்தது. நாலு சீட்டு என்றால் மூன்று மூன்றாக ஐந்து நடை அடிக்க வேண்டும். முதலில் வந்தவர்களுக்குப் பசி எடுத்துவிடும். இதற்கு மேல் கேள்வி கேட்காதே. ராஜதந்திரம்.

சதாசிவன் அவன் மச்சானின் ஜீப்பைக் கொண்டுவந்து பார்த்தான். அயனி மரத்து வளைவில் மூக்கு போனால் வால் வராது, வால் வந்தால் மூக்கு கையாலைக் கல்கட்டில் இடிக்கும். முக்கால் மணிநேரம் அந்த மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. எட்டுப் பேர் தள்ளிப் பின்னால் இறக்கினோம். நான் ஒருவன்தான் தள்ளினேன் என்று சொல்வேன், எட்டுப் பேரும் சாட்சி இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

ராஜபாய்க்கு சுகம்தான். புதன்கிழமைகளில் மட்டும் ஒரு புதுப்பழக்கம். மூன்று மணிக்கு அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டுக் கீழே பார்த்து உட்காருவாள். வெயில் காய்கிறாளாம். மார்ச் மாதத்தில்! கீழே எங்கேயோ ஒரு வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கும். காற்று நம் பக்கம் இருந்தால் தெளிவாகவே கேட்கும். இல்லாத நாளில் நாற்காலியை இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். அவ்வளவுதான், வேறு விசேஷம் இல்லை.

ஸ்கூட்டர் தானம் பற்றி ராஜாக்கள் விளக்கம் கொடுப்பதில்லை.

தாமதிக்காமல் பதில் எழுது. தண்ணீர் நிறையக் குடி.

ஆறு சீட்டுக்காரன்,
ஜெயதாஸ் மாமன்


ராஸ் அல் கைமா
2 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமா,

நான் சுகம். உங்கள் தும்மல் இங்கேயும் கேட்டது.

பதினைந்து பேர் யார் என்று நான் கேட்கவில்லை. சபையில் பெண்கள் ஐக்கியத்தில் பதினைந்து பேர் என்று அம்மா போனில் சொன்னாள். அது வேறு விஷயம். புதன்கிழமை மூன்று மணிக்கு அவர்களுடைய ஜெபக்கூட்டம் முறைவைத்து ஒவ்வொரு வீடாகப் போகும் என்பதும், படி ஏற முடியவில்லை என்று உங்கள் வீட்டை நாலு வருடமாகத் தாண்டிப் போகிறது என்பதும், மாமி எடுத்துக் கொடுக்காமல் அந்தக் கூட்டத்தில் முன்பெல்லாம் ஒரு பாட்டும் தொடங்கியதில்லை என்பதும் வேறு விஷயம். நான் வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆறு சீட்டு வண்டி பன்னிரண்டரை அடி நீளம் வரும். நாலு சீட்டு பத்தரை அடி. அகலம் இரண்டும் ஐந்தடி. உங்கள் கவலை சீட்டின் எண்ணிக்கையில் இருக்கிறது, என் கவலை நீளத்தில். ஜீப் திரும்பாத இடத்தில் ஆறு சீட்டும் திரும்பாது. என்னை நம்ப வேண்டாம். கமுகுக் கம்பால் வண்டியின் நீள அகலத்துக்குச் சட்டம் கட்டி, நாலு மூலையை நாலு பேர் பிடித்துத் தடம் முழுக்க நடந்து பாருங்கள். அயனி மரம் உண்மையைச் சொல்லும்.

மாமிக்கு முத்தம்.

லிஜி


குன்று, ஆனால் தலை குனிந்த குன்று
6 மே 2024

பிரியமுள்ள லிஜி மக்களே,

சுகமா? நான் சுகம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. உன் பேச்சைக் கேட்டு நான் ஊரையே கலக்கிவிட்டேன்.

போன வியாழக்கிழமை சட்டம் கட்டினோம். பன்னிரண்டரை அடி நீளம், ஐந்தடி அகலம், சுத்தமான கமுகு. மேலே கூரை இருக்குமே என்று என் வெள்ளை வேட்டி இரண்டை விரித்துக் கட்டினேன். ஸ்டியரிங்குக்கு அண்டா மூடி. சதாசிவன், ஆதித்யன், ரப்பர் வெட்டுகிற சானு, நான், மூலைக்கு ஒருவராகத் தோளில் தூக்கிக்கொண்டு மேலிருந்து இறங்கினோம். வெயிலுக்காகச் சதாசிவன் தலையில் துண்டு. காலில் முள் குத்தியதால் சானு முகத்தில் துக்கம். உன் மனக்கண்ணால் பார், மக்களே. குன்றிலிருந்து நாலு பேர், தோளில் நீளமாக ஒன்று, மேலே வெள்ளை.

சர்ச்சில் மணியடிக்கிற பிஜு கீழே நின்று பார்த்திருக்கிறான். ஓடிப்போய்த் துக்கமணி அடித்துவிட்டான்.

நாங்கள் அயனி மரத்தில் மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருக்கும்போது படிப் பக்கம் ஒரு அழுகைச் சத்தம். பெண்கள் ஐக்கியம்! பதினைந்து பேரில் பதினொரு பேர். நூற்றிப்பன்னிரண்டு படி. எழுபத்துநாலு வயதில் இழுப்பும் வைத்துக்கொண்டு ஞானபாய் அக்கா முன்னால். "எனக்க ராஜபாயே, சொல்லாமப் போயிட்டியே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு முற்றத்தில் போய் விழுந்தார்.

ராஜபாய் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு தொலித்துக்கொண்டிருந்தவள், கத்தியோடு வெளியே வந்தாள்.

"என்னத்துக்குக் கரையுதிய எல்லாரும்? ஆரு செத்தது?"

ஞானபாய் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, "நீயாக்கும்!" என்றார்.

"நானா? எப்ப?"

"மணி அடிச்சாச்சுடீ!"

அதற்குள் நாங்களும் சட்டத்தோடு மேலே வந்துவிட்டோம். பதினொரு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் வேட்டி கருகாதது ஆச்சரியம். பாவைக்காய்க் கொடி படர்த்தப் பந்தல் என்றேன். ராஜபாய் சட்டத்தைச் சுற்றி ஒரு தடவை நொண்டி நடந்து பார்த்தாள். "பாவைக்காய்க்கு ஸ்டியரிங் எதுக்குவே?" என்றாள். சதாசிவன், அந்தக் கல்லறை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள், கட்டஞ்சாயா குடித்தார்கள். பிறகு ராஜபாய் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டாள்: "செத்தேன்னா இத்தன படியும் ஏறலாம். ஜெபத்துக்கு மட்டும் முட்டு வேதனை, இல்லியா?"

அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதவில்லை. கம்பி கட்டும் வேலை இருந்ததால் வெளியே போய்விட்டேன்.

ஆறு சீட்டு திரும்பாது. நீ சொன்னது சரி. இந்த வரியைப் படித்ததும் கிழித்துப் போடு.

தோற்ற ராஜா,
ஜெயதாஸ்


9 மே 2024

எனக்க பொன்னு லிஜி மக்களுக்கு மாமி ராஜபாய் எழுதுவது.

சுகமா இருக்கியா மக்களே? கர்த்தர் உன்னைக் காக்கட்டும். நான் கடிதம் எழுதி எத்தனையோ வருடம் ஆகிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். இதை ஞானபாய் அக்காவிடம் கொடுத்துத்தான் தபாலில் போடுகிறேன். உன் மாமனுக்குத் தெரிய வேண்டாம்.

அன்றைக்கு மாமன் வெளியே போய்விட்டார். நான் கேட்டிருக்கக் கூடாது. ஞானபாய் அக்கா என் மடியில் தலையை வைத்து அழுதார்கள். பிறகு அங்கேயே ஜெபம் வைத்தோம். என்னைப் பாட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன், இரண்டாவது வரியில் தொண்டை நின்றுவிட்டது. நாலு வருடம் ஆகிவிட்டது இல்லையா. அவர்கள் இறங்கிப் போக ஒன்றரை மணிநேரம் ஆனது. இனி நல்ல காரியத்துக்கு அவர்களால் ஏற முடியாது, எனக்கே தெரியும்.

வண்டி எனக்காகத்தான் என்று தெரிந்த பிறகு மனசு நிறைந்தது. ஆனால் மக்களே, மாமன் உன்னிடம் ஒன்றைச் சொல்லியிருக்க மாட்டார். அவருக்க இடது கண்ணில் பார்வை இல்லை. கண்ணில் பிரஷர் என்று அவராகவே சொல்லிக்கொள்கிறார், டாக்டரிடம் போகவில்லை. இடது பக்கம் டம்ளரை வைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் தட்டிவிடுவார், பிறகு பூனையைத் திட்டுவார். நம் வீட்டில் பூனை இல்லை. ஸ்கூட்டரைக் கொடுத்ததும் அதனால்தான். முப்பத்தொரு வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிக்காத மனுஷன், ஓட்டக்கூடாது என்று நான் எப்படிச் சொல்லுவேன்? நீயும் நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே.

வண்டி வேண்டாம் என்றும் எனக்கு எழுத முடியவில்லை. நீ யோசி.

மாமியின் முத்தங்கள்.
ராஜபாய்


ராஸ் அல் கைமா
1 ஜூன் 2024

அன்புள்ள மாமா,

நான் சுகம். உங்கள் கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். மூன்று நாட்டுக்காரர்கள் சிரித்து அழுதார்கள். தோற்ற ராஜா என்ற வரியை மட்டும் படிக்கவில்லை.

நாலு சீட்டில் ஒரு வண்டி அகப்பட்டிருக்கிறது. இடுக்கிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஓடியது, அவர்கள் மூடிவிட்டார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் போய் அடியில் படுத்துப் பார்த்துப் படம் அனுப்பினார். கியர் தானாக மாறும். மேட்டுக்கும் இறக்கத்துக்கும் வலுவான ஒரு கியர் தனியாக உண்டு. ஸ்டியரிங் இடது பக்கம், வெளிநாட்டு வண்டி.

ஒரே ஒரு காரியம். எங்கள் கம்பெனியில் ஓட்டுநர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை. டாக்டர் எழுதிக்கொடுக்கும் சீட்டு இல்லாமல் நான் ஒருவருக்கும் சாவி கொடுப்பதில்லை. ராஜாக்களுக்கும் அதே சட்டம்தான். நீங்கள் நெய்யாற்றின்கரைக்குப் போய்ப் பரிசோதித்து எனக்கு அந்தச் சீட்டை அனுப்புங்கள். வந்ததும் வண்டியை ஏற்றச் சொல்கிறேன்.

காத்திருக்கிறேன்.

லிஜி


20 ஆகஸ்ட் 2024

லிஜிக்கு,

அந்த ரிசார்ட்டுக்காரர்களுக்கு நானே போன் செய்து வண்டியை வரவழைத்துவிட்டேன். வந்து மூன்று வாரம் ஆகிறது. நல்ல வண்டி. இப்போது தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். மழை.

ராஜபாய் சுகம். நானும் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம்.

ஜெயதாஸ்


ராஸ் அல் கைமா
8 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டு விலாசத்துக்கே, இரண்டு பேர் பெயரும் எழுதி அனுப்புகிறேன். சதாசிவன் அண்ணனின் அரிசிப் பானைக்கு ஓய்வு. நான் சுகம்.

மாமா, உங்கள் வாழ்நாளில் நீங்கள் மழையை மழை என்று மட்டும் எழுதியது இதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாகிவிட்டது. நான் கேட்ட கண் டாக்டர் சீட்டும் வரவில்லை. என்ன நடந்தது என்று கேட்கமாட்டேன். இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் மூத்த ஓட்டுநர் குல்சார், பெஷாவர்காரர். இருபத்திரண்டு வருடம் மணலில் ஓட்டியவர். எனக்கு மணலைப் படிக்கக் கற்றுத்தந்தவரே அவர்தான். போன வருடப் பரிசோதனையில் கண் போதாது என்று வந்தது. அவர் கையிலிருந்து சாவியை வாங்கியது நான். நாலு நாள் என்னோடு பேசவில்லை, சாப்பாட்டு மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் ஒரு கொடியை எடுத்துக்கொண்டு மணல்மேட்டு உச்சியில் போய் நின்றார். அந்தப் பக்கம் சரிவு எப்படி, எதிரில் வண்டி உண்டா என்று மேலே வரும் ஓட்டுநருக்குத் தெரியாது. இப்போது அவர் கொடி அசைக்காமல் எங்கள் வண்டி ஒன்றும் மேட்டைத் தாண்டாது. சின்னப் பையன்கள் ஓட்டுகிறார்கள், ஆனால் மணல் அவருடையது.

மாமி, உங்களுக்கு ஒரு வரி. அந்த வண்டியில் கிளட்ச் கிடையாது. ஆக்சிலேட்டர், பிரேக் இரண்டும் வலது காலுக்கு. இடது காலுக்கு வேலையே இல்லை. அது பாட்டுக்கு நீட்டிக்கொண்டு உட்காரட்டும்.

இரண்டு பேருக்கும் முத்தம்.
லிஜி


மேகத்துக்கு மேலே இரண்டாவது வீடு
21 நவம்பர் 2024

துரோகியும் என் கண்ணின் மணியுமான லிஜி மக்களுக்கு,

சுகமா? பதில் எழுத இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் நாலு நாள் குல்சார் கணக்கில் கழித்துக்கொள். மீதி நாட்கள் சரித்திரம்.

உறையைப் பிரித்தவள் அவள். உரக்கப் படித்தாள். குல்சார் வந்ததும் நான் பல்லி பார்க்கிறவன் போல உத்தரத்தைப் பார்த்தேன். கடைசியில் அவளுக்கென்று எழுதிய வரியை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் என்னிடம், "இனியாவது நடந்தத செல்லும்" என்றாள்.

சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். வண்டி வந்த இரண்டாம் நாள் தனியாக எடுத்தேன். அயனி மர வளைவில் இடது பக்கம் கையாலை முடிந்து பள்ளம் தொடங்குகிற இடம் எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இடது சக்கரம் இரண்டும் அந்தரத்தில். ஒரு ரப்பர் மரம் வண்டியைத் தாங்கிப் பிடித்தது. பெல்ட்டில் தொங்கிக்கொண்டு, கூட மூன்று பேர் இருந்திருந்தால் என்று யோசித்தேன். சதாசிவனும் ஆதித்யனும் கயிறு கட்டி இழுத்தார்கள். எனக்கு ஒரு கீறலும் இல்லை. தார்ப்பாயை வண்டிக்குப் போட்டேனா எனக்குப் போட்டுக்கொண்டேனா தெரியாது.

நெய்யாற்றின்கரையில் கண் டாக்டரிடம் ராஜபாயும் வந்தாள், ஆட்கள் தூக்கும் அதே நாற்காலியில் இறங்கி. இந்தத் தடவை முகம் சுளிக்கவில்லை. இடது கண் போனது போனதுதானாம். வலதைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து. இரண்டு வேளையும் அவளே ஊற்றுகிறாள். உலகத்தில் எந்த ஆறும் அவ்வளவு தண்ணீரைக் கண்டதில்லை.

பிறகு ராஜபாய்க்கு வண்டி ஓட்டப் பயிற்சி. முப்பத்தொரு வருட அனுபவத்தை ஒரு பெண்பிள்ளையின் காதில் ஊற்றினேன், மறு காது வழியாக ரப்பர் தோட்டம் முழுக்கப் பாய்ந்தது. "வலது, வலது!" என்று நான் கத்துவேன். "எனக்குக் கண்ணு ரெண்டும் உண்டுவே" என்பாள். நாக்கைக் கடித்துக்கொள்வாள். மறுபடியும் சொல்வாள். பத்தாம் நாள் அயனி மரத்தை ஒரே திருப்பில் திரும்பினாள். இலைகள் எழுந்து நின்று கைதட்டின. நான் அழவில்லை, சொட்டு மருந்து.

நேற்றுப் புதன்கிழமை. நாலு வருடத்துக்குப் பிறகு முறை நம் வீட்டுக்கு வந்தது. அடிவாரத்துக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள், பதினைந்து பேரும். என் பழைய காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். ஆமாம் மக்களே, எழுதுகிறேன், சிரி: கண்டக்டர். ஒவ்வொருவருக்கும் பெல்ட் போட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, சேலை நுனியை உள்ளே ஒதுக்கி, "மூணு பேருக்கு மேல ஏறப்பிடாது, அடுத்த வண்டி பின்னால வருது" என்று தள்ளிவிட்டு, கூரைக் கம்பியில் இரண்டு தட்டு. அதன் பிறகுதான் டிரைவர் வண்டியை எடுப்பாள். ஒரு தடவை தட்டாமல் எடுக்கப் பார்த்தாள். விசில் ஊதி நிறுத்தினேன். அப்படிச் சத்தம் போட இந்த மாநிலத்தில் எந்தக் கண்டக்டருக்கும் தைரியம் வந்திருக்காது.

"எலே ஜெயதாசே, உனக்க பெஞ்சாதி நல்லா ஓட்டுதா" என்றார் ஞானபாய் அக்கா. "கண்டக்டர் நல்லவனாக்கும்" என்றேன்.

ஐந்து நடை. ஒருவருக்கும் பசி எடுக்கவில்லை. மரச்சீனியும் மீன்குழம்பும் மேலே தயாராக இருந்தது. ஐந்தாவது நடை போன பிறகு அடிவாரத்தில் நான் ஒருவன். படியில் ஏறலாம் என்று காலை வைத்தேன். மேலே ஒரு பாட்டும் கேட்கவில்லை. எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே. அப்போது தடத்தில் எஞ்சின் சத்தம். திரும்பவும் இறங்கி வருகிறாள், காலி வண்டியோடு.

"பதினைஞ்சு பேரும் காத்திருக்காவ. கேறும்" என்றாள்.

அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பெல்ட்டை அவளே இழுத்துப் பார்த்தாள். ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் அவள் எனக்கு இடது பக்கம். பார்வை போன பக்கம். சும்மா இருந்தால் தெரியமாட்டாள். கழுத்தை முழுசாகத் திருப்பினால்தான் தெரிவாள். மேலே போய்ச் சேரும்வரை திருப்பிக்கொண்டே இருந்தேன்.

"ரோட்டப் பாரும்" என்றாள்.

"அது டிரைவருக்க வேலை" என்றேன்.

புதன்கிழமை நாற்காலியில் நேற்று ஞானபாய் அக்கா உட்கார்ந்தார். ராஜபாயின் தொண்டை இரண்டாவது வரியைத் தாண்டியது, ஆறாவது வரியையும் தாண்டியது. உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். கழுத்துதான் கொஞ்சம் வலிக்கிறது. தைலம் ஏதும் இருந்தால் வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பு.

இரண்டு தட்டுத் தட்டி முடிக்கும்,
கண்டக்டர் ஜெயதாஸ்